ஹாலில் சொன்னதைக் கேட்கிறான், வாசல் தாண்டினால் கேட்பதில்லை – எங்கிருந்து ஆரம்பிப்பது?

மணிவீடு எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் மணி என்று ஓர் ஆண் நாய் இருக்கிறான். கலப்பினம், இப்போது எட்டு மாதம். ஹாலில் வைத்து “உட்கார்” என்றால் உட்காருவான், “கை கொடு” என்றால் கொடுப்பான், “இரு” என்றால் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பான். காலிங் பெல் அடித்தால் போதும், எல்லாம் மறந்துவிடுகிறது. வருகிறவர் மேல் தாவுகிறான். சமீபத்தில் வந்த வயதான உறவினர் ஒருவர் தடுமாறி விழப் பார்த்தார். வாக்கிங் போனால் கயிறு முழு நேரமும் விறைப்பாகவே இருக்கிறது. வேலி போட்ட மைதானத்தில் அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், அப்புறம் போன வழியே போய்விடுகிறான்.

போட்டிக்கோ வித்தை காட்டவோ எனக்குப் பயிற்சி வேண்டாம். வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, பத்து வயதுப் பையன், மாமியார், நாங்கள் இருவர். இத்தனை பேரோடும் அவனும் நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த கமாண்டையே கேட்காதபோது எங்கே தொடங்குவது?

நாலுகால்பிரியை எழுதியது:

எட்டு மாதம் என்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நாய்க்கு அது விடலைப் பருவம். வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளை வைத்து பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. ஐந்து மாத வயதில் வளர்ப்பவர் சொல்லி உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் அவர் சொன்னால் உட்காருவது குறைந்திருந்தது. அதையே முன்பின் பழகாதவர் சொன்னபோது அப்படிக் குறையவில்லை. ஆக, மணிக்குச் சொன்னது மறந்துபோகவில்லை, உங்களை மதிக்காமலும் இல்லை. இது கடந்துபோகிற பருவம். இந்த வயதில் பொறுமை இழந்து நாயை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அந்த முடிவுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

கயிறும்கையும் எழுதியது:

வயது ஒரு காரணம்தான். அது தாண்டியும் ஒன்று இருக்கிறது. நாய் ஒரு பாடத்தைக் கற்கும்போது அந்த இடத்தையும் சேர்த்தே கற்கிறது. ஹால், நீங்கள் நிற்கும் கோணம், கையில் தின்பண்ட டப்பா, மாலை நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு “உட்கார்”. தெருவில் அதே சொல்லைச் சொல்லும்போது மற்ற எதுவும் அங்கே இல்லை. காலி மைதானத்தில் சைக்கிள் பழகியவரை அடுத்த நாளே நெரிசலான சாலையில் ஓட்டச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவனுக்கும் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு புதிய இடத்திலும் பாடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். ஹாலில் சரியாக வருகிறதா? அடுத்து சமையலறை, அப்புறம் கதவு மூடிய வாசற்பக்கம், பிறகு கதவு திறந்த வாசல், பிறகு ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் தெரு. கட்டளையைக் கடினமாக்குபவை மூன்று: எவ்வளவு தூரத்தில் நின்று சொல்கிறீர்கள், எவ்வளவு நேரம் அப்படியே இருக்கச் சொல்கிறீர்கள், சுற்றிலும் கவனத்தை இழுப்பது எவ்வளவு இருக்கிறது. ஒரு சமயத்தில் இதில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள், கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைத்துவிடுங்கள். ஹாலில் பத்தடி தள்ளி நின்று ஒரு நிமிடம் “இரு” சொல்ல முடிகிறதா? வாசலில் அதையே பக்கத்தில் நின்று இரண்டு விநாடிக்கு ஆரம்பியுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

ட்ரீட்டின், அதாவது பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத்தின், மதிப்பும் இடத்துக்கு இடம் மாறும். ஹாலில் தினம் சாப்பிடும் உலர் உணவின் ஒரு துண்டே போதும். தெருவில் இன்னொரு நாயின் வாசனையோடு அது போட்டி போட முடியாது. வெளியே வேகவைத்த கோழி மாதிரி, வேறெப்போதும் கிடைக்காத ஒன்றை எடுத்துப் போங்கள். சுண்டுவிரல் நகத்தளவு துண்டு போதும். உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே “சபாஷ்” என்று ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உடனே கொடுங்கள். பையைத் தேடி எடுப்பதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டால், நீங்கள் பரிசு கொடுப்பது எழுந்து நின்றதற்குத்தான்.

இன்னொன்று, தனியாக நேரம் ஒதுக்கி ‘பயிற்சி வகுப்பு’ நடத்த வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டு கீழே வரும் முன் உட்காரட்டும். கழுத்துப்பட்டை மாட்டும் முன் உட்காரட்டும். வெளிக்கதவு திறக்கும் முன் ஒரு பார்வை உங்களைப் பார்க்கட்டும். ஒரு நாளில் இப்படிப் பல தருணங்கள் வருகின்றன. குடும்ப நாய்க்குப் பயிற்சி என்பதே பெரும்பாலும் இதுதான்.

பழையமரம் எழுதியது:

நான் பல காலமாக நாய் வளர்க்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் தின்பண்டத்தைக் காட்டி மட்டும் நாயை வளர்க்க முடியாது என்பது என் எண்ணம். நாய் கூட்டமாக வாழும் பிராணி. கூட்டத்துக்கு யார் தலைவர் என்று அதற்குத் தெரிய வேண்டும். தாவினால் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். உறுமினால் அதட்டி அடக்குங்கள். முதலில் நாம் சாப்பிட்டு அப்புறம் அதற்கு வைக்க வேண்டும், வாசலை முதலில் நாம் தாண்ட வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன். தயவு தாட்சண்யம் பார்த்து நாளைக்குக் குழந்தையைக் கடித்துவிட்டால் யார் பொறுப்பு?

கயிறும்கையும் எழுதியது:

ஐயா, குழந்தையைப் பற்றிய உங்கள் கவலை முழுக்க நியாயம். அதனாலேயே இதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன்.

‘தலைவன்’ கருத்து ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் 1947-இல் எழுதியது, கூண்டில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து. ஒன்றுக்கொன்று உறவில்லாத விலங்குகளை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். அந்தக் கருத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மீச், பின்னாளில் காட்டில் ஓநாய்களை வருடக்கணக்காகக் கவனித்துவிட்டு 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம்தான், சண்டையிட்டு வென்ற தலைவன் என்று சொல்வது பொருந்தாது என்றார். தவிர, நாய் ஓநாயும் இல்லை. வாசலை அது முதலில் தாண்டினால் வீட்டைப் பிடித்துக்கொண்டதாக அர்த்தமில்லை, வெளியே போக ஆசை என்று மட்டும்தான் அர்த்தம்.

உறுமலை அதட்டி அடக்குவது பற்றி நான் உறுதியாக மாறுபடுகிறேன். உறுமல் ஓர் எச்சரிக்கை. “எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ” என்று நாய் தன் மொழியில் சொல்வது. அதற்கு அடி விழுந்தால் உறுமுவதைத்தான் விடும், அந்தப் பயத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் படும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிட ஆபத்தான நாய் கிடையாது. நாய் உறுமினால் குழந்தையை அமைதியாக அப்புறப்படுத்துங்கள். அப்புறம் எதற்காக உறுமியது என்று பாருங்கள்: எலும்பா, தூக்கம் கலைந்ததா, வலியா? உறுமலுக்கு முன்பே வரும் அடையாளங்களும் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு விறைத்து நிற்பது. பத்து வயதுப் பையனுக்கு இவற்றைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையின் விஷயத்தில் பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் அங்கே இருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

மணிவீடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. மணி உறுமியதில்லை, ஆனால் என் மகள் கட்டிப்பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன். இனி கவனிக்கிறேன்.

இன்னொரு சிக்கல். வீட்டில் ஆளுக்கொரு மாதிரி. நான் “இறங்கு” என்பேன், கணவர் “கீழே” என்பார், பையன் “நோ நோ” என்று கத்துவான். சோபாவில் ஏறக் கூடாது என்று நான் சொல்வேன், கணவர் டிவி பார்க்கும்போது அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வார். மாமியார் சாப்பிடும்போது தட்டிலிருந்து எடுத்துப் போடுவார். வயதானவர், ஆசையாகச் செய்கிறார், எப்படிச் சொல்வது?

திண்ணைவாசி எழுதியது:

எங்கள் வீட்டிலும் ஆறு பேர், அதனால் இதில் எனக்கு அனுபவம் உண்டு அக்கா. முதலில் எல்லாரும் உட்கார்ந்து சொற்களை முடிவு செய்யுங்கள். உட்கார், படு, இரு, வா, விடு, இறங்கு – இந்த ஆறு போதும். ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான். “படு” என்றால் தரையில் படுப்பது, “இறங்கு” என்றால் சோபாவிலிருந்தோ ஆள்மேலிருந்தோ காலை எடுப்பது. தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கூடவே கைச் சைகையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாய்கள் குரலைவிடச் சைகையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், வயதாகிக் காது மந்தமானாலும் அது கைகொடுக்கும்.

சோபா விஷயத்தில் எது சரி என்று நாய்க்கு ஒரு கொள்கையும் கிடையாது. ஏறலாம் என்று முடிவு செய்தாலும் சரி, கூடாது என்றாலும் சரி. சில நாள் ஏறலாம், சில நாள் திட்டு விழும் என்றிருந்தால்தான் அதற்குப் பதற்றம். உங்கள் கணவர் அவன் பக்கத்தில் வேண்டும் என்று நினைத்தால் “ஏறு” என்று ஒரு சொல்லை வைத்து, சொன்னால் மட்டும் ஏறலாம் என்று பழக்கலாம். அவருக்கும் ஆசை நிறைவேறும்.

மாமியாரிடம் “போடாதீங்க” என்று சொல்வதைவிட ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கென்று ஒரு சின்ன டப்பாவில் மணிக்கான ட்ரீட். அவர் சாப்பிடும்போது மணி தன் பாயில் படுத்திருந்தால், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அவரே போய்ப் பாயிலேயே கொடுக்கட்டும். மேசையிலிருந்து எதுவும் விழாது, பாய்க்குத்தான் வரும் என்று அவன் புரிந்துகொள்வான். எங்கள் வீட்டுப் பெரியவரும் இப்படித்தான் மாறினார். இப்போது மற்றவர்கள் மேசையிலிருந்து போட்டால் தடுப்பவரே அவர்தான்.

மாட்டுவைத்தியர் எழுதியது:

கால்நடை மருத்துவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பயிற்சியில் நான் நிபுணன் இல்லை, உடம்பு பற்றி மட்டும் சில வார்த்தை.

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று கேட்காமல் போனால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உட்காரத் தயங்கினால் இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம். தலையைத் தொட்டால் விலகினால் காதைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் மறுபடி சிறுநீர் கழிக்க ஆரம்பித்தால் சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கலாம். அதற்கெல்லாம் அதட்டுவது பாவம்.

ட்ரீட் அளவு: நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி அதிகமான நாளில் சாப்பாட்டைக் குறையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிடால் என்ற இனிப்பு சேர்த்த எதுவும் ஆகாது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் மிட்டாய், சூயிங்கம், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகளில் சைலிடால் இருக்கும், லேபிளைப் படியுங்கள். குழந்தைகள் ஆசையாக ஊட்டிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

கழுத்தில் மாட்டிய கயிற்றை வெட்டி இழுப்பது மூச்சுக்குழாய்க்கும் நல்லதல்ல.

பழையமரம் எழுதியது:

டாக்டர் சொன்ன பிறகு கயிறு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஓநாய் பற்றி எனக்கு இதுவரை தெரியாது, நன்றி. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். தவறு செய்தால் எதுவுமே செய்யக் கூடாதா? ஒரு நாய் செருப்பைக் கடித்துக் குதறி வைத்திருக்கிறது, நாம் வந்ததும் காதைத் தாழ்த்திக்கொண்டு பம்முகிறது. தப்பு என்று தெரிந்துதானே பம்முகிறது?

கயிறும்கையும் எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. இதை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து 2009-இல் வெளியிட்டார். “சாப்பிடாதே” என்று தின்பண்டத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். அவர் திரும்பி வந்ததும், நாய் சாப்பிட்டதா இல்லையா என்று ஆய்வாளர் சொல்வார், சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார். நாய் பம்முவது அது உண்மையில் சாப்பிட்டதைப் பொறுத்து அமையவில்லை, வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களும் பம்மின. அந்த முகம் நம் கோபத்துக்கான பதில்.

எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லை கட்டாயம் வேண்டும். செருப்பை அலமாரிக்குள் வைத்து மூடுங்கள், கடிக்க வேறு பொருள் கொடுங்கள். வாயில் ஏதாவது எடுத்துக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், அவனுக்கு அது ஆட்டம் ஆகிவிடும். பக்கத்தில் ட்ரீட்டை நீட்டி “விடு” சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், ஆபத்தில்லாத பொருளானால் திருப்பியும் கொடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று தெரிந்த நாய் எதையும் காவல் காக்காது.

தாவுவதற்கும் அப்படித்தான். அவனுக்கு வேண்டியது கவனம். “இறங்குடா” என்று தள்ளிவிடுவதும் அவனுக்குக் கவனம்தான். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் பேச்சும் தடவலும் கிடைக்கட்டும், தாவினால் திரும்பி நில்லுங்கள். முதல் சில நாள் இன்னும் உயரமாகத் தாவுவான். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று பலமாக முயன்று பார்ப்பான், அப்புறம்தான் விடுவான். நடுவில் யாராவது ஒருவர் இரக்கப்பட்டுத் தடவிக் கொடுத்தால், விடாப்பிடியாகத் தாவினால் பலன் உண்டு என்று கற்றுக்கொள்வான். வீடு முழுக்க ஒத்துழைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

காலிங் பெல்லுக்குத் தனிப் பயிற்சி. வாசலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாய் போடுங்கள். முதலில் பெல் இல்லாமல் பாயில் படுப்பதற்குப் பரிசு. அது பழகியதும் பெல் ஓசையை மொபைலில் பதிவு செய்து மெதுவான ஒலியில் போடுங்கள், ஒவ்வொரு முறையும் பாயில் ட்ரீட் விழட்டும். பிறகு ஒலியைக் கூட்டுங்கள். பிறகு பையன் வெளியே போய் நிஜமாகவே பெல் அடிக்கட்டும். கடைசியாகத்தான் விருந்தாளி. நாளடைவில் பெல் ஓசையே அவனைப் பாய்க்கு அனுப்பும். அதுவரை யாராவது வரும்போது அவனைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள் அல்லது உள்ளறையில் விடுங்கள். கதவு சாத்துவது பயிற்சியில் தோற்றதாகாது, வயதான விருந்தாளிக்கு அது பாதுகாப்பு.

மகளுக்கு ஒரு பாடம்: மணி மேலே விழுந்து விளையாட வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். ஓடும் குழந்தையைத் துரத்தத்தான் தோன்றும் அவனுக்கு. கட்டிப்பிடிப்பதற்குப் பதில் ட்ரீட்டைத் தரையில் வீசிக் கொடுக்கட்டும். அவன் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பக்கத்தில் போகக் கூடாது.

நாலுகால்பிரியை எழுதியது:

வாக்கிங் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. நெஞ்சுப் பக்கம் கயிறு மாட்டும் வளையம் உள்ள ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள், இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். நீளம் தானாகக் கூடிக் குறையும் கயிறு வேண்டாம். இழுத்தால் கயிறு நீளும் என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. கயிறு விறைத்தால் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். உங்கள் கால் பக்கம் வந்து நடக்கும்போதெல்லாம் அங்கேயே, தொடை அருகே, ட்ரீட் கொடுங்கள். முதல் நாட்களில் வீட்டு வாசலிலிருந்து நாலு வீடு தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. முகர்ந்து பார்க்கவும் தாராளமாக விடுங்கள். நமக்கு அது நேர விரயமாகத் தெரியும், நாய்க்கு வாக்கிங்கின் சாரமே அதுதான். கயிறு தளர்வாகப் பத்தடி நடந்தால் “போ, மோந்து பார்” என்று மரத்தடிக்கு அனுப்புவதே பெரிய பரிசு.

கயிறும்கையும் எழுதியது:

“வா” என்ற கட்டளை மட்டும் மீதமிருக்கிறது. உயிர்காக்கும் கட்டளை அது, அதனால் தனியாகச் சொல்கிறேன்.

மைதானத்தில் “வா” என்றால் மணிக்கு இப்போது என்ன நடக்கிறது? கயிறு மாட்டுவீர்கள், வீட்டுக்குக் கிளம்புவீர்கள். விளையாட்டு முடிந்தது. அப்படியானால் வராமல் இருப்பதுதான் அவனுக்குப் புத்திசாலித்தனம். இனி கூப்பிட்டு, வந்ததும் நல்ல தீனி கொடுத்து, கழுத்துப்பட்டையை ஒரு கணம் பிடித்து, உடனே “போ” என்று விட்டுவிடுங்கள். பத்தில் ஒன்பது தடவை வந்த பிறகு விளையாட்டு தொடரட்டும். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, நகம் வெட்ட ஒருபோதும் “வா” சொல்லாதீர்கள், நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.

பழைய “வா” இதற்குள் அவனுக்குப் பொருளற்றுப் போயிருந்தால் புதிதாக ஒரு சொல் வையுங்கள், அல்லது விசில். வீட்டுக்குள் விசில் ஊதியதும் கோழித்துண்டு, இப்படிச் சில நாள். அப்புறம் வெளியே, பத்து மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னஸில் (கழுத்தில் அல்ல) மாட்டித் தரையில் இழுபட விட்டுப் பழக்குங்கள். ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். “மணி மணி மணி வா வா” என்று அடுக்கினால் பத்தாவது முறைக்கு வந்தால் போதும் என்று பழகிவிடுவான். வரவில்லையென்றால் அவனை நோக்கி ஓடாமல் எதிர்த்திசையில் ஓடுங்கள், துரத்திக்கொண்டு வருவான். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். திட்டு அவன் கடைசியாகச் செய்த காரியத்தில்தான் ஒட்டிக்கொள்ளும், அவன் கடைசியாகச் செய்தது உங்களிடம் வந்தது.

மணிவீடு எழுதியது:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாவுவது வீட்டாரிடம் நின்றேவிட்டது, விருந்தாளிகளிடம் இன்னும் பாதிதான். மாமியாரின் டப்பா யோசனை அருமையாக வேலை செய்கிறது. பையன் பெல் அடிக்கும் வேலையைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டான். விசிலுக்கு மைதானத்தின் கோடியிலிருந்து ஓடி வருகிறான், மற்ற நாய் எதுவும் இல்லாவிட்டால். கயிறு இழுப்பதுதான் மெதுவாகவே குறைகிறது.

ஒரு சந்தேகம்: வாழ்நாள் முழுக்கப் பையில் கோழியோடு அலைய வேண்டுமா?

கயிறும்கையும் எழுதியது:

வேண்டாம். ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. புதிய பாடம், புதிய இடம் என்றால் ஒவ்வொரு தடவையும் கொடுங்கள். அந்த இடத்தில் நம்பகமாக வந்துவிட்டால் சில தடவை கொடுங்கள், சில தடவை பாராட்டு மட்டும், எப்போது வரும் என்று அவனால் ஊகிக்க முடியாதபடி. எப்போதாவது கிடைக்கும் பரிசால் நிலைத்த பழக்கம் எளிதில் அழியாது என்பது உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்தே சோதனைக்கூடங்களில் பலமுறை கண்டது. இன்னொரு பக்கம், தின்பண்டத்தின் இடத்தில் அவனுக்கு வேண்டிய மற்றவற்றை வையுங்கள்: கதவு திறப்பது, பந்து வீசுவது, தோழ நாயிடம் போக விடுவது. டப்பாவைக் கையில் காட்டிக் கட்டளை சொல்லும் வழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ட்ரீட் பையிலோ அலமாரியிலோ இருக்கட்டும், செய்த பிறகு வெளியே வரட்டும்.

விசிலுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கு எப்போதும் கொடுங்கள். மற்ற நாய்கள் இருக்கும்போது இப்போதைக்கு ஊதவே வேண்டாம், நீளக் கயிறு இருக்கிறதே. ஒரே ஒரு அமைதியான நாய், நல்ல தூரத்தில், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.